பாக்கெட்ல ஒரு போல்ட்டு

நான் டூல்ஸ் கடைக்குப் போறப்பல்லாம் பேண்ட் பாக்கெட்ல ஒரு போல்ட்டு இருக்கும். 8 எம்எம் போல்ட்டு, அதுல பாதி தூரம் ஓட்டி வெச்ச 13 நம்பர் நட்டு (13 எம்எம் ஸ்பேனர் மாட்டுறது), ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு விரலாலயே சுத்துற மாதிரி. கடலூர் ஓ.டி.ல, அதாவது ஓல்ட் டவுன்ல, எனக்குப் பழக்கமான கடைக்காரரு மொத தடவ நான் இத வெளிய எடுத்தப்ப "இன்னா தம்பி, இதுக்கு ஜோடி பாக்க வந்தியா"ன்னு கேட்டாரு. இல்லண்ணே, ராட்செட் (நட்டு மேல மாட்டுற கிண்ணம் மாதிரி சாக்கெட்ட சொருகி, முன்ன பின்ன ஆட்டியே நட்ட சுத்துற கைப்பிடி) பாக்கணும்னு சொன்னதும் மேல இருந்து ஒரு பெட்டிய இறக்கி, ராட்செட்ட கையில எடுத்து கர்ர்ர்னு ரெண்டு சுத்து சுத்திக் காட்டி, "சத்தத்தக் கேளு, பல்லு எவ்ளோ நைஸு பாரு"ன்னாரு. எல்லாக் கடையிலயும் இதேதான் நடக்கும். காத்துல சுத்துனா எல்லா ராட்செட்டும் நல்லாத்தான் பாடும், நட்டுல மாட்டுனாத்தான் சாயம் வெளுக்கும், அதுக்குத்தான் இந்த போல்ட்டு.

போன வாரம் ஆபீஸ்ல கூட வேல செய்ற பையன் ஒருத்தன் பழைய புல்லட் ஒண்ணு வாங்கிட்டு, "ணா, நானே வேல பாக்கப் போறேன், நல்ல ராட்செட்டா ஒண்ணு சொல்லு"ன்னான். டீ குடிக்கப் போன இடத்துல ஆரம்பிச்சு முக்கா மணி நேரம் பேசிட்டேன், பாவம் அவன் டீ ஆறிப்போச்சு. அன்னைக்குப் பேசினத கொஞ்சம் ஒழுங்கா எழுதி வெக்கலாம்னுதான் இது. ஒழுங்கா வருமான்னு தெரியல.

எனக்கு இந்தப் பைத்தியம் புடிச்சது மாமாவால. அம்மா கூடப் பொறந்தவரு, கடலூர் மீன்பிடி துறைமுகத்துல போட்டு (படகு) இன்ஜின் மெக்கானிக். எனக்கு வேல பாண்டிச்சேரில, வீடு ஓ.டி.ல, தினம் இருபது கிலோமீட்டர் சொச்சம் போய்ட்டு வரேன், ஆனா ஏப்ரல் 15 வந்துட்டா சனி ஞாயிறு என்னோடது இல்ல. தடைக்காலம் ஆரம்பிச்சுடும், ஜூன் 14 வரைக்கும் 61 நாள், லாஞ்சு எதுவும் கடலுக்குப் போகாது, எல்லாரும் அப்பத்தான் கரையேத்தி பெயிண்டு அடிக்கிறது, பலகை மாத்துறது, இன்ஜின் பிரிக்கிறது எல்லாம் பண்ணுவாங்க. வருஷம் பூரா வர வேண்டிய வேல ரெண்டு மாசத்துல வந்து நிக்கும். மாமாவுக்கு ஆள் பத்தாது. "மாப்ள, ஞாயித்துக்கிழம சும்மாதான இருக்க"ன்னு போன் வரும். சும்மாதான் இருந்தேன் அதுவரைக்கும்.

மர லாஞ்சுல இன்ஜின் ரூம்னு சொல்றது ரூம்லாம் இல்ல, ஒரு குழி. அதுக்குள்ள ஆறு சிலிண்டர் லேலண்ட் இன்ஜின இறக்கி வெச்சிருப்பாங்க, இறக்குறப்ப எதிர்காலத்துல ஒரு மனுசன் இதுக்குப் பக்கத்துல உக்காந்து வேல பாப்பான்னு யாரும் யோசிச்சிருக்க மாட்டாங்க. எக்ஸாஸ்ட் மேனிபோல்டு (புகை வெளிய போற குழாய்) இருக்குற பக்கம் இன்ஜினுக்கும் பக்கப் பலகைக்கும் நடுவுல கை போகும், கண்ணு போகாது. அங்க பின்னாடி ஒரு நட்டு, பேரு வெக்காத நட்டு, ஆனா மாமா அத திட்டுறதக் கேட்டா ஏதோ பங்காளிய திட்டுற மாதிரி இருக்கும். அத கழட்ட என்கிட்ட குடுத்தது ஒரு பழைய அரை இஞ்ச் ராட்செட் (சாக்கெட் மாட்டுற சதுரக் கட்டையோட அளவு அது), உள்ள இருக்குற சக்கரத்துல 24 பல்லு.

இப்ப கணக்கு பாருங்க. 24 பல்லுன்னா ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் 15 டிகிரி. கைப்பிடி 25 சென்டிமீட்டர் இருந்தா, ஒரே ஒரு பல்லு புடிக்கிறதுக்கே கைப்பிடியோட முனை ஆறரை சென்டிமீட்டர் நகரணும். அதுக்கு மேல சாக்கெட்டுக்கும் நட்டுக்கும் நடுவுல இருக்குற ஆட்டம், நடுவுல எக்ஸ்டென்ஷன் ராடு, அதாவது எட்டாத எடத்துக்கு நீட்டிக்கிற கம்பி, போட்டிருந்தா அதோட ரெண்டு முனையிலயும் இருக்குற ஆட்டம், எல்லாம் சேந்து இன்னொரு ரெண்டு மூணு சென்டிமீட்டர் சும்மா போகும். எனக்கு அங்க இருந்த இடமே நாலு விரக்கட. இழுத்தா பலகையில இடிக்கும், பின்னாடி தள்ளுனா பல்லு புடிக்கிறதுக்குள்ள வாட்டர் பைப்புல இடிக்கும், நட்டு நின்ன இடத்துலயே நின்னு என்னப் பாத்துட்டு இருந்துச்சு. அதே நீளத்துல 72 பல்லு ராட்செட்டா இருந்தா பல்லுக்கு 5 டிகிரி, முனை ரெண்டேகால் சென்டிமீட்டர் கிட்ட நகந்தா போதும். அந்த வித்தியாசம்தான் அன்னைக்கு எனக்கும் அந்த நட்டுக்கும் நடுவுல இருந்தது.

அப்ப பல்லு அதிகமா இருக்குறத வாங்கிட்டா முடிஞ்சுதுன்னு நெனச்சு, அடுத்த மாசமே ஆன்லைன்ல 72 பல்லு போட்ட ஒரு பெட்டி வாங்கினேன், பேரு வேணாம், நாப்பத்தாறு சாமான், பளபளன்னு. அதுல தெரிஞ்சுது ரெண்டாவது பாடம். நட்டு இறுகி இருக்குறப்ப நல்லா வேல செஞ்சுது. நட்டு கொஞ்சம் லூஸ் ஆனதும் ஆரம்பிச்சுது கூத்து, முன்னாடி இழுத்தா நட்டு சுத்துது, கைப்பிடிய திருப்பிக் கொண்டு வந்தா நட்டும் கூடவே திரும்பி வருது. பத்து தடவ ஆட்டிட்டுப் பாத்தா நட்டு ஆரம்பிச்ச எடத்துலயே இருக்கு. உள்ள என்ன நடக்குதுன்னா, நடுவுல ஒரு பல்சக்கரம், அத புடிச்சு நிறுத்துற ஒரு கொக்கி, கொக்கிய சக்கரத்து மேல அழுத்தி வெக்கிற ஒரு சின்ன ஸ்பிரிங். திரும்பி வர்றப்ப கொக்கி பல்லுங்க மேல ஏறி எறங்கி வரணும், அப்பத்தான் அந்த டிக் டிக் சத்தம். ஏறி எறங்குறதுக்கு ஒரு பலம் வேணும்ல, அந்தப் பலத்த விட நட்டோட மரையில இருக்குற உராய்வு கம்மியா இருந்துச்சுன்னா கொக்கி ஏறாது, நட்டே திரும்பிடும். ஸ்பிரிங் முரடா இருந்தாலோ, பல்ல சரியா பாலிஷ் பண்ணாம விட்டாலோ, உள்ள கெட்டியான கிரீஸ் அடைச்சு வெச்சிருந்தாலோ இந்தத் தொல்ல இருக்கும். கை போற எடம்னா சாக்கெட்ட ரெண்டு விரலால புடிச்சுக்கிட்டு சமாளிக்கலாம். கை போகாத எடத்துக்குத்தான ராட்செட்டே வாங்குறோம்.

நான் அந்தப் பையன்கிட்ட சொன்னது இதான். இழுக்குறதுக்கு ராட்செட் தேவையில்ல, ஒரு ரிங் ஸ்பேனர் போதும், இன்னும் நல்லாவே இழுக்கும். திரும்பி வர்றதுக்குத்தான் நாம காசு குடுக்குறோம். ஆனா கடையில எல்லாரும் இழுத்துத்தான் பாக்குறாங்க, எவ்ளோ கனமா இருக்குன்னு கையில தூக்கிப் பாக்குறாங்க, எவ்ளோ பல்லுன்னு அட்டையில படிக்கிறாங்க.

அதனாலதான் போல்ட்டு. கடையில சாக்கெட்ட மாட்டி, அந்த லூஸ் நட்டு மேல வெச்சு, போல்ட்ட ஒரு கையில புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால ராட்செட்ட மெதுவா திருப்பிக் கொண்டு வாங்க. நட்டு அசையாம நின்னு ராட்செட் மட்டும் டிக் டிக்னு வந்தா அத எடுத்து தனியா வைங்க. நட்டு கூடவே வந்தா அந்தப் பெட்டிய மூடிடலாம், மேல என்ன பிராண்டு எழுதியிருந்தாலும் சரி. போல்ட்டு கொண்டு போக மறந்துட்டீங்கன்னா, சாக்கெட் மாட்டுற அந்த சதுரக் கட்டைய ரெண்டு விரலால லேசா புடிச்சுக்கிட்டு கைப்பிடிய ஆட்டிப் பாருங்க, விரலுக்கே தெரியும். அப்புறம் ரெண்டு பக்கமும் பாக்கணும், கழட்டுற பக்கம் வெண்ணெய் மாதிரி போய்ட்டு முடுக்குற பக்கம் கரடுமுரடா இருக்குறத நான் பாத்திருக்கேன்.

பல்லு விஷயத்துல இன்னொண்ணும் சொல்லணும். பல்லு கூடக் கூட ஒவ்வொரு பல்லும் பொடிசாகும், அப்ப ஒத்தப் பல்லு தாங்குற பலம் கொறையும். இத வெச்சுத்தான் பழைய மெக்கானிக்குங்க "நைஸ் பல்லு தேஞ்சிடும்பா, பெரிய பல்லுதான் ஆயுசுக்கும் வரும்"னு சொல்வாங்க. பாதி சரி. கொக்கியில எத்தன பல்லு ஒரே நேரத்துல சக்கரத்த புடிக்குதுங்கறது தான் மீதி பாதி. நல்ல கம்பெனிக்காரன் கொக்கிய அகலமா வளைச்சு, ஒரே நேரத்துல அஞ்சாறு பல்லாவது உக்கார்ற மாதிரி செய்வான், அப்ப பாரம் பிரிஞ்சு போயிடும். மட்டமானதுல கொக்கி ஓரத்துல ரெண்டு பல்லு மட்டும் தொட்டுக்கிட்டு நிக்கும், என்னோட நாப்பத்தாறு சாமான் பெட்டி அப்படித்தான் இருந்துச்சு, பிரிச்சுப் பாத்தப்ப தெரிஞ்சுது. வேற ஒரு வழியும் இருக்கு, ரெண்டு கொக்கி வெச்சு ஒண்ணு பல்லுல உக்காந்திருக்கறப்ப இன்னொண்ணு பாதிப் பல்லு தள்ளி நிக்கிற மாதிரி பண்றது. சக்கரத்துல 60 பல்லுதான் இருக்கும், ஆனா 120 எடத்துல புடிக்கும், 3 டிகிரி அசைஞ்சா போதும். கியர்ரெஞ்ச் கம்பெனி 120னு போட்டு விக்கிறது இந்த மாதிரிதான். ஜப்பான்ல கேடிசி கம்பெனியோட நெப்ரோஸ்னு ஒண்ணு 90 பல்லு, ஒரு தடவ மட்டும் கையில புடிச்சுப் பாத்திருக்கேன், திருப்பிக் குடுக்க மனசு வரல. எனக்கு 72க்கு மேல போறது ஆசைதான், அவசியம் இல்ல.

சைஸு. நம்ம ஊர்ல எந்தக் கடையில கேட்டாலும் மொத எடுத்துக் காட்டுறது அரை இஞ்ச்தான், நாலு நூல். மாமா இன்னும் நூல் கணக்குலதான் பேசுவாரு, கால் இஞ்ச்னா ரெண்டு நூல், அரை இஞ்ச்னா நாலு நூல். லாரி, டிராக்டர், போட்டு இன்ஜின்னு பெரிய போல்ட்டுங்களுக்கு நாலு நூல் வேணும்தான். ஆனா பைக், கார் இன்ஜின்ல நம்ம கை படுற போல்ட்டுல முக்காவாசி 8ல இருந்து 14 நம்பர் வரைக்கும்தான், அதுக்கு சரியானது நடுவுல இருக்குற மூணு நூல், எட்டுல மூணு இஞ்ச். இத கேட்டு வாங்கணும், தானா எடுத்துக் காட்ட மாட்டாங்க. நாலு நூல் ராட்செட்ட தூக்கிட்டுப் போய் புல்லட்டோட இன்ஜின் கவர்ல இருக்குற 6 எம்எம் போல்ட்ட முடுக்குறவங்கள பாத்தா எனக்கு வயித்தக் கலக்கும். அந்த சைஸ் போல்ட்டுக்கு பத்து நியூட்டன் மீட்டர் சுத்துவட்டாரம்தான் டார்க்கு, அதாவது முடுக்குற பலம், 25 சென்டிமீட்டர் கைப்பிடியில அது நாலு கிலோ பலம், ஒரு சின்னப் பை காய்கறி தூக்குற பலம். கொஞ்சம் மூச்ச புடிச்சு இழுத்தீங்கன்னா அலுமினியத்துல மரை மாவா வந்துடும். நான் பண்ணிருக்கேன். டேப்பெட் கவர். விடுங்க.

தல எவ்ளோ தடியா இருக்குன்னும் பாருங்க. உருண்டைத் தலையா இருந்தா உள்ள அழுக்கு போறது கம்மி, பேரிக்கா மாதிரி ஒடுங்கின தலையா இருந்தா இண்டு இடுக்குல போகும். நான் ஒடுங்கின தல கட்சி. திசை மாத்துற லீவர் தலைக்கு மேல நீட்டிட்டு இருக்கக் கூடாது, இடுக்குல எதுலயாவது பட்டு பாதி வழியில நின்னுக்கும், பாதியில நின்னா கொக்கி அரைகொறையா உக்காரும், நீங்க முழு பலத்தோட இழுக்குறப்ப வழுக்கும். என் வலது கை மொளியில இருக்குற தழும்பு அதுதான், கல்யாணத்துல மோதிரம் போடுறப்ப போட்டோகிராபர் "அண்ணா, கைய இந்தப் பக்கம் திருப்புங்க"ன்னு சொன்ன தழும்பு.

ரப்பர் கைப்பிடி போட்டது கடையில புடிக்க சுகமா இருக்கும். டீசல்லயும் ஆயில்லயும் ரெண்டு வருஷம் பொழங்குனா பிசுபிசுன்னு ஆயிடும், தொட்டா கையோட வரும். வெறும் இரும்பு கைப்பிடிதான் எனக்கு, பனியன் துணியால ஒரு துடை துடைச்சா முடிஞ்சுது. முலாம் பூச்சும் நம்ம ஊருக்கு முக்கியம், உப்புக் காத்து. மட்டமான முலாம் கடலூர்ல ரெண்டு மழைக்காலம் தாங்காது, உரிஞ்சு வந்து பிளேடு மாதிரி கைய கிழிக்கும். பெட்டி மேல குரோம் வெனேடியம்னு போட்டிருக்கறத பாத்து ஏமாறாதீங்க, அது எந்த இரும்புன்னு சொல்லுது, அத எவ்ளோ ஒழுங்கா சூடு பண்ணி பதம் போட்டாங்கன்னு சொல்லாது. அரிசி பேரு ஒண்ணா இருந்தா எல்லா வீட்டுச் சோறும் ஒண்ணா இருக்குமா.

பின்னாடி ஒரு பட்டன், அத அமுக்குனா சாக்கெட் கழண்டு விழும், கிரீஸ் கையோட சாக்கெட்ட புடிச்சு இழுக்குற கஷ்டம் இல்ல. இந்தப் பட்டனுக்குப் பின்னாடி ஒரு பெரிய கேஸ் இருக்கு. அமெரிக்காவுல பீட்டர் ராபர்ட்ஸ்னு பதினெட்டு வயசுப் பையன், சியர்ஸ் கடையில வேல பாத்தவன், 1960கள்ல இத கண்டுபுடிச்சான், கம்பெனி பத்தாயிரம் டாலர் குடுத்து உரிமைய வாங்கிடுச்சு, அப்புறம் அது லட்சக்கணக்குல வித்துச்சு. ஏமாத்திட்டாங்கன்னு 1969ல கேஸ் போட்டான், இருபது வருஷம் போல இழுத்துச்சு. நம்ம ஊரு நெலத் தகராறு மாதிரி. அவ்ளோ கஷ்டப்பட்டு வந்த பட்டன நான் போட்டுல வேண்டாம்னு சொல்லுவேன், ஏன்னா இடுக்குல எங்கயாவது பட்டு அமுங்கிடும், சாக்கெட் போய் போட்டு அடியில தேங்கி நிக்கிற கருப்புத் தண்ணியில விழும், அதுல கைய விட்டுத் தேடுற சொகத்த நான் யாருக்கும் சொல்ல விரும்பல. பைக்குக்கு பட்டன் இருக்கட்டும், நல்லதுதான்.

சரி, என்கிட்ட இருக்குறது எதுன்னு கேப்பீங்க. பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல கிடைச்சது. துணி, செருப்பு, பாத்திரம்னு போய்க்கிட்டே இருக்கும், நடுநடுவுல ஒருத்தரு கோணிய விரிச்சு பழைய இரும்பு கொட்டி வெச்சிருப்பாரு. அதுல கருப்பேறிப் போன ஒரு ராட்செட், கைப்பிடியில ஃபாகோம்னு பேரு, பக்கத்துல ஜே எழுத்து. "எங்க கெடச்சுதுண்ணே"ன்னா "சொல்தா வீட்டு சாமான் தம்பி, பெருசு போய்ட்டாரு, புள்ளைங்கல்லாம் பாரீஸ்ல, வீட்ட காலி பண்றாங்க"ன்னாரு. பாண்டியில பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குறவங்கள சொல்தான்னு சொல்வாங்க, அந்தப் பெரியவரு அங்க என்ன வண்டிய பிரிச்சாரோ தெரியாது. ஃபாகோம் 1918ல ஆரம்பிச்ச பிரெஞ்சு கம்பெனி, அவங்க கணக்குல கால் இஞ்ச்னா ஆர், எட்டுல மூணுன்னா ஜே, அரைன்னா எஸ். அதெல்லாம் அப்புறமா தெரிஞ்சுகிட்டது. அன்னைக்கு பாக்கெட்ல போல்ட்டு இருந்துச்சு, பக்கத்துல கெடந்த ஒரு சாக்கெட்ட மாட்டிப் பாத்தேன், துருப்புடிச்ச நெலமையிலயும் நட்டு அசையல. முந்நூத்தி அம்பதுக்கு முடிச்சேன். அவரு நானூறு சொன்னாரு, நான் அடிச்சுப் பேசவே இல்ல, அவரே அம்பது கொறைச்சாரு.

வீட்டுக்கு வந்து டீசல்ல ராத்திரி பூரா ஊற வெச்சு, பிரிச்சு, பழைய டூத் பிரஷ்ஷால தேச்சா உள்ள பல்லு ஒவ்வொண்ணும் இப்பத்தான் வெட்டின மாதிரி. மாமா பாத்துட்டு வீல் பேரிங் கிரீஸ எடுத்துட்டு வந்தாரு, நான் தடுத்துட்டேன். அந்த கிரீஸ் ரொம்ப கெட்டி, கொக்கி மெதுவா எழும்பும், பல்லுல முழுசா உக்கார்றதுக்குள்ள நீங்க இழுத்துடுவீங்க, வழுக்கும். மெல்லிசா மிஷின் ஆயில் ரெண்டு சொட்டு போதும், இல்லன்னா லேசான கிரீஸ விரல் நுனியில எடுத்து பூசுனாப்புல. இதுக்கு மாமா சம்மதிக்க ஒரு வருஷம் ஆச்சு.

பழசு தேடுற பொறுமை இல்லாதவங்க புதுசாவே வாங்கலாம். நாசிக் தபாரியால இருந்து ஜலந்தர், லூதியானா சாமான் வரைக்கும் நம்ம நாட்டுலயே செய்றாங்க, கடையில போல்ட்டு டெஸ்ட் பண்ணிட்டு எடுங்க, ஒரே பெட்டியில இருக்குற ரெண்டு பீஸுக்கும் வித்தியாசம் இருக்கும், ரெண்டு மூணு பீஸ் எடுக்கச் சொல்லிப் பாருங்க, கடைக்காரரு மொறைப்பாரு, பரவால்ல. வாங்குறப்ப உள்ள போடுற கொக்கி, ஸ்பிரிங் தனியா கெடைக்குமான்னு கேளுங்க. நாப்பத்தாறு சாமான் பெட்டி வேணாம், அதுல இருபது நீங்க தொடவே மாட்டீங்க. அந்தக் காசுக்கு நல்ல மூணு நூல் ராட்செட் ஒண்ணு, 8, 10, 12, 13, 14, 17 சாக்கெட், எல்லாம் ஆறு மூல வெச்சது, பன்னெண்டு மூல வேணாம், துருப்புடிச்ச நட்ட ரவுண்ட் ஆக்கிடும். ரெண்டு எக்ஸ்டென்ஷன், ஒண்ணு குட்ட ஒண்ணு நீளம்.

கூடவே ஒரு நீட்டு பவர் ராடு, பல்லு இல்லாத வெறும் கம்பி. இத மறக்காதீங்க. இறுகின நட்ட மொத மொத அசைக்கிறது அதோட வேல, ராட்செட்டோட வேல இல்ல. ஹார்பர்ல பாக்கலாம், ராட்செட் கைப்பிடில ரெண்டடி ஜிஐ பைப்ப சொருகி மூணு பேர் தொங்குவாங்க, டொக்னு ஒரு சத்தம், அப்புறம் ராட்செட்ட செஞ்சவன திட்டுவாங்க. என் நாப்பத்தாறு சாமான் பெட்டியோட ராட்செட் செத்ததும் அப்படித்தான், பைப்ப சொருகினது நான்தான், அதுல கம்பெனிய குத்தம் சொல்ல முடியாது. அன்னைக்கே, அளந்து முடுக்குறதுக்குன்னே இருக்குற டார்க் ரெஞ்ச எடுத்து நட்ட கழட்டப் போன இன்னொரு புண்ணியவானையும் பாத்தேன், அதப் பத்தி தனியா ஒரு நாள் எழுதணும்.

இந்த வருஷம் தடைக்காலத்துல ஃபாகோமோட ஸ்பிரிங் தளந்து போச்சு, கொக்கி அப்பப்ப விட ஆரம்பிச்சுது. பிரான்ஸ்ல இருந்து கொக்கி ஸ்பிரிங் வரவழைக்க நான் போன்ல தேடிட்டு இருக்கறப்பவே மாமா என் சட்டப் பாக்கெட்ல இருந்த பால் பாயிண்ட் பேனாவ உருவி, ஸ்பிரிங்க எடுத்து கட்டர்ல வெட்டி உள்ள போட்டுட்டாரு. மாட்டிப் பாத்தா ரொம்ப முரடு, நட்டு கூடவே வருது. "மாப்ள, அந்த போல்ட்ட குடு"ன்னாரு. அர சுத்து வெட்டினாரு, போல்ட்டுல வெச்சுப் பாத்தாரு, இன்னும் வந்துச்சு. இன்னொரு கால் சுத்து. மூணாவது தடவ நட்டு நின்னுச்சு, ராட்செட் மட்டும் தனியா வந்துச்சு, ஆனா சத்தம் மாறிப் போச்சு, முன்னாடி டிக் டிக்னு இருந்தது இப்ப பேனா மூடிய அமுக்குற சத்தம். மாமா அத எடுத்துட்டு நேரா இன்ஜின் ரூமுக்குள்ள எறங்கிட்டாரு. போல்ட்டையும் எடுத்துட்டுப் போய்ட்டாரு, இன்னும் திருப்பித் தரல.